சித்திரைக் கனி முதல் ஆனி வரை: இளவேனிலில் ஒரு நல்ல பழக்கத்தை வேர்பிடிக்கச் செய்யும் வழி

தமிழ்க் கணக்கில் சித்திரையும் வைகாசியும் சேர்ந்த இரண்டு மாதமே இளவேனில். வேம்பு பூத்து, மாங்காய் கொத்துக்கொத்தாகத் தொங்கி, ஊர்தோறும் தேரும் திருவிழாவுமாக இருக்கும் இந்தக் காலம் ஏறத்தாழ 62 நாள் நீளும். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த பிலிப்பா லாலியும் அவருடைய குழுவினரும் பழக்கம் எப்படிப் படிகிறது என்பதைப் பற்றிய ஆய்வு ஒன்றை 2010-இல் வெளியிட்டார்கள். அதில் பங்கேற்ற 96 பேரும் ஆளுக்கு ஒரு சிறு செயலைத் தேர்ந்துகொண்டு, நாள்தோறும் ஒரே நிகழ்ச்சியை ஒட்டி, 12 வாரம் செய்துவந்தார்கள். அந்தச் செயல் யோசிக்காமலே நடக்கும் நிலைக்கு வரப் பிடித்த காலத்தின் நடுமதிப்பு 66 நாள். ஒருவருக்கு 18 நாளிலேயே படிந்தது, இன்னொருவருக்கு 254 நாள் ஆகும் என்று கணிக்கப்பட்டது. சித்திரை முதல் நாளாகிய ஏப்ரல் 14-இல் தொடங்கினால் 66-ஆம் நாள் ஜூன் 18, அதாவது ஆனி பிறந்த முதல் வாரத்திலேயே வந்துவிடுகிறது. இளவேனிலின் நீளமும் ஒரு பழக்கம் படியும் காலமும் கிட்டத்தட்ட ஒன்றாக அமைந்திருப்பதை இளைஞர்கள் எப்படிப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்பதைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்ல விரும்புகிறேன்.

ஆண்டின் முதல் நாள், மாதத்தின் முதல் நாள், பிறந்த நாள் போன்ற தொடக்கங்களை ஒட்டி மனிதருக்கு நல்ல முயற்சிகளில் ஊக்கம் கூடுகிறது என்பதை ஹெங்சென் டாய், கேத்தரின் மில்க்மன், ஜேசன் ரீஸ் ஆகியோர் 2014-இல் வெளியிட்ட ஆய்வில் காட்டியிருக்கிறார்கள். அந்த ஊக்கம் சில நாளில் வடிந்துவிடும் என்பதற்கு ஆய்வு தேவையில்லை. நம் ஒவ்வொருவர் வீட்டிலும் பாதியில் நின்றுபோன நாட்குறிப்புகள் கிடக்கின்றன. பண்டிகை தொடக்கத்தைத் தருகிறது, தொடர்ச்சியைத் தருவதில்லை என்றுதான் நானும் நெடுங்காலம் எண்ணியிருந்தேன். சித்திரை வழக்கங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தபோது அந்த எண்ணம் மாறியது. கனி வைப்பது, பொன்னேர் பூட்டுவது, பச்சடி செய்வது, சித்ரா பௌர்ணமியன்று கணக்கு ஏட்டை எடுத்து வைப்பது ஆகிய ஒவ்வொன்றிலும் தொடர்ந்து செய்வதற்கான உத்தி ஒன்று அடங்கியிருக்கிறது. அந்த உத்தியை அந்த ஒரு நாளோடு விட்டுவிடாமல் மறுநாளும் செய்தால் போதும்.

பங்குனியின் கடைசி வாரம்

புத்தாண்டுக்கு முந்தைய வாரத்தில் பெரும்பாலான வீடுகளில் ஒட்டடை அடித்து, பரணைத் துடைத்து, தரையைக் கழுவி விடுவார்கள். அந்த வேலையில் உங்கள் பங்காக உங்கள் அலமாரியையும் மேசையையும் நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள். பழைய பாடநூல்களை அடுத்த வகுப்புக்கு வரும் தம்பி தங்கைகளுக்குத் தனியாகக் கட்டி வையுங்கள். தீர்ந்த பேனாக்கள், அறுந்த கம்பிகள், எதற்கென்று தெரியாமல் சேர்த்த காகிதங்கள் எல்லாம் வெளியே போகட்டும். இடம் ஒழிந்தபின் அங்கே எதை வைக்கப்போகிறோம் என்ற கேள்வி தானாகவே எழும். அப்போதுதான் பழக்கத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். புத்தாண்டு நாள் காலையில் பரபரப்புக்கு நடுவே தேர்ந்தெடுக்கக் கூடாது.

தேர்ந்தெடுப்பது ஒன்றே ஒன்றாக இருக்கட்டும். அதிகாலையில் எழுவது, உடற்பயிற்சி, ஆங்கிலம் கற்பது, இனிப்பைக் குறைப்பது, கைப்பேசியை ஒதுக்குவது என்று ஐந்தையும் ஒரே நாளில் தொடங்கியவர்கள் ஐந்தையும் ஒரே வாரத்தில் விட்டதைத்தான் நான் பார்த்திருக்கிறேன். அந்த ஒன்றும் செய்தோமா இல்லையா என்று சந்தேகமில்லாமல் சொல்லக்கூடிய செயலாக இருக்க வேண்டும். ‘நன்றாகப் படிப்பேன்’ என்பது விருப்பம். ‘இரவுச் சாப்பாடு முடிந்ததும் கதைப் புத்தகத்தில் இரண்டு பக்கம் படிப்பேன்’ என்பது செயல். ‘அம்மாவுக்கு உதவியாக இருப்பேன்’ என்பது நல்லெண்ணம்; ‘சாப்பிட்ட தட்டை நானே கழுவி வைப்பேன்’ என்பது செயல். எழுந்ததும் படுக்கையை மடித்து வைப்பது, படுக்கும் முன் பல் துலக்குவது, அன்றைய செலவை எழுதுவது, மாலையில் கால் மணி நேரம் நடப்பது, வீட்டின் குடிநீர்ப் பானையை நிரப்புவது போன்றவை ஏற்ற தொடக்கங்கள். சிறியதாக இருக்கிறதே என்று கூச்சப்பட வேண்டாம். களைப்பாக இருக்கும் நாளிலும், காய்ச்சலாகப் படுத்து எழுந்த நாளிலும் செய்யக்கூடிய அளவே சரியான அளவு.

அடுத்தபடியாக, அந்தச் செயலை ஏற்கெனவே நாள்தோறும் நடக்கும் ஒன்றோடு முடிச்சுப் போட வேண்டும். இன்னது நடந்ததும் இன்னதைச் செய்வேன் என்று முன்கூட்டியே சொல்லி வைத்துக்கொள்பவர்கள், வெறுமனே செய்ய வேண்டும் என்று எண்ணுபவர்களைவிட அதிகமாகச் செய்து முடிக்கிறார்கள் என்பதைப் பீட்டர் கோல்விட்சர் என்னும் உளவியலாளர் 1990-களிலேயே எடுத்துக்காட்டினார். இங்கே தமிழ்நாட்டு மாணவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. சித்திரை தொடங்கும்போது தேர்வு நடந்துகொண்டிருக்கும் அல்லது முடியும் தறுவாயில் இருக்கும். மே முழுவதும் விடுமுறை. ஜூனில் மறுபடி பள்ளி. ஆகவே ‘பள்ளியிலிருந்து வந்ததும்’ என்று முடிச்சுப் போட்டால் மூன்றாம் வாரத்திலேயே அவிழ்ந்துவிடும். பல் துலக்குவது, குளிப்பது, சாப்பிட்டுக் கை கழுவுவது, வாசலில் கோலம் போடுவது, அந்தியில் விளக்கேற்றுவது என்று தேர்வு, விடுமுறை, பள்ளி ஆகிய மூன்று காலத்திலும் மாறாமல் நடக்கும் நிகழ்ச்சியைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

கனி வைக்கும் இரவு

கொங்குப் பகுதியிலும் குமரி, நெல்லைப் பக்கங்களிலும் இன்னும் பல இடங்களிலும் சித்திரைக் கனி காண்பது வழக்கம். புத்தாண்டுக்கு முந்தைய இரவு வீட்டுப் பெரியவர் ஒருவர் பூசை அறையில் பெரிய தாம்பாளம் ஒன்றை வைத்து, அதில் மா, பலா, வாழை ஆகிய பழங்கள், வெற்றிலை பாக்கு, பூ, அரிசி, பருப்பு, நாணயங்கள், நகை ஆகியவற்றை அடுக்கி, பின்னால் முகம் பார்க்கும் கண்ணாடியை நிறுத்துவார். விடிந்ததும் வீட்டிலுள்ளவர்கள் கண்ணை மூடியபடியே வந்து, கனித்தட்டின் முன் நின்று கண்ணைத் திறப்பார்கள். ஆண்டின் முதல் காட்சி அந்த நிறைவாகவும், அதன் நடுவே கண்ணாடியில் தெரியும் தம் முகமாகவும் இருக்கும்.

உங்கள் வீட்டில் இந்த வழக்கம் இல்லையென்றாலும் இந்த ஆண்டு நீங்களே தொடங்கலாம். நகை வேண்டியதில்லை, ஒரு தட்டு, கிடைத்த பழம் இரண்டு, கொஞ்சம் பூ, ஒரு கைப்பிடி அரிசி, ஒரு நாணயம், ஒரு கண்ணாடி இருந்தால் போதும். வீட்டிலேயே மூத்தவர்களிடம் கேட்டு, அவர்கள் சிறு வயதில் என்ன வைத்தார்கள் என்று தெரிந்துகொண்டு வைப்பது இன்னும் நல்லது. பாட்டியோ தாத்தாவோ உடன் இருந்தால் அடுக்கும் வேலையை அவர்களோடு சேர்ந்து செய்யுங்கள். அந்த அரை மணி நேரப் பேச்சைக் கனித்தட்டுக்குக் குறையாத செல்வமாகவே நான் மதிக்கிறேன்.

இந்த வழக்கத்தில் அடங்கியிருக்கும் உத்தி எளிமையானது. காலையில் முதலில் எதைப் பார்ப்பது என்பதைத் தூக்கக் கலக்கத்தில் இருக்கும் காலைப் பொழுது முடிவு செய்வதில்லை. தெளிவாக இருக்கும் முந்தைய இரவு முடிவு செய்கிறது. இன்று நம்மில் பலருக்கும் நாள்தோறும் கிடைக்கும் கனி, தலையணைக்கு அருகில் கிடக்கும் கைப்பேசியின் திரைதான். சித்திரை இரண்டாம் நாள் முதல் ஒவ்வோர் இரவும் உங்களுக்கென்று ஒரு சிறு கனியை எடுத்து வையுங்கள். நடப்பது உங்கள் பழக்கமென்றால் செருப்பையோ காலணியையோ கதவருகே எடுத்து வைக்க வேண்டும். படிப்பதென்றால் புத்தகத்தை விரித்து மேசைமேல் வைக்க வேண்டும். காலையில் தண்ணீர் குடிப்பதென்றால் சொம்பில் நீர் நிரப்பி மூடி வைக்க வேண்டும். கைப்பேசியைக் கூடத்திலோ வேறோர் அறையிலோ வைத்துவிட்டு, எழுப்புவதற்கு ஒரு சாதாரண அலாரக் கடிகாரத்தை வைத்துக்கொள்ளுங்கள். எழுந்து போய்த்தான் எடுக்க வேண்டும் என்ற அந்தப் பத்து அடித் தூரமே பாதி வேலையைச் செய்துவிடுகிறது.

கனி காண விடியலில் எழ வேண்டுமானால் நேரத்தோடு படுக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். 13 முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை என்பது தூக்க மருத்துவ வல்லுநர்களின் பரிந்துரை. காலை 5 மணிக்கு எழுவேன் என்று உறுதி எடுத்துக்கொண்டு நள்ளிரவு வரை விழித்திருப்பவர் பழக்கத்தை உருவாக்கவில்லை, தூக்கத்தைத்தான் கெடுத்துக்கொள்கிறார். எழும் நேரத்தைப் பழக்கமாகத் தேர்ந்தவர்கள், உண்மையில் படுக்கும் நேரத்தைத்தான் முதலில் ஒழுங்குபடுத்த வேண்டியிருக்கும்.

புத்தாண்டு நாள்

கனி கண்டு, குளித்து, வாசலில் மாக்கோலமிட்டு, நிலையில் மாவிலைத் தோரணம் கட்டியபின் பெரியவர்களை வணங்கி வாழ்த்துப் பெறுவது வழக்கம். அவர்கள் கையில் தரும் பணத்தைக் கைநீட்டம் என்பார்கள். இலங்கைத் தமிழர் வீடுகளில் மருத்துநீர் தேய்த்துக் குளித்தபின், குறித்த நேரத்தில் பெரியவர்களிடமிருந்து பெறுவதைக் கைவிசேஷம் என்பார்கள். தொகை எவ்வளவானாலும் அதை அன்று மாலைக்குள் செலவழித்துவிடாமல், ஒரு பகுதியையாவது சேமிப்பின் முதல் வரவாக வைப்பது அந்த ஆசிக்குச் செய்யும் மரியாதை. 10 வயது நிறைந்தவர் அஞ்சலகத்தில் தம் பெயரிலேயே சேமிப்புக் கணக்குத் தொடங்கலாம். தொடங்குவதற்கு 500 ரூபாய் வேண்டும். வரவையும் செலவையும் எழுதுவதையே இந்த இளவேனிலின் பழக்கமாகத் தேர்ந்தவர்களுக்குக் கைநீட்டத்தைவிடப் பொருத்தமான முதல் வரி கிடையாது.

தென் மாவட்டங்களின் உழவர்கள் சித்திரை முதல் நாளில் பொன்னேர் பூட்டுவார்கள். மாடுகளைக் குளிப்பாட்டி, கொம்பில் பூச்சுற்றி, கலப்பைக்குப் பொட்டிட்டு, ஊர் கூடி வயலுக்குப் போய், கிழக்கு நோக்கிச் சில சால் மட்டும் உழுது திரும்புவார்கள். அன்றே நிலம் முழுவதையும் உழுதுவிட எவரும் முயல்வதில்லை. ஆண்டின் உழவு தொடங்கிவிட்டது என்பதற்கு அந்தச் சில சாலே போதுமானது. உங்கள் முதல் நாளும் அப்படியே அமையட்டும். உற்சாக மிகுதியில் முதல் நாளே ஐம்பது பக்கம் படித்தால், மறுநாள் இரண்டு பக்கம் படிப்பது தோல்வி போலத் தோன்றும். இரண்டு பக்கம் என்று முடிவு செய்திருந்தால் இரண்டு பக்கத்தோடு நிறுத்திக்கொண்டு, அதை மூடும்போது இன்னும் படிக்கலாம் போலிருக்கிறதே என்ற ஆசையை மறுநாளுக்கு மிச்சம் வையுங்கள்.

அன்றைய சமையலில் உங்கள் பங்காக மாங்காய்ப் பச்சடியை எடுத்துக்கொள்ளலாம். அடுப்பருகே நிற்கப் பழகியவர்கள் தாமாகவும் சிறியவர்கள் பெரியவர்கள் துணையோடும் செய்யலாம். நடுத்தர அளவுள்ள ஒரு மாங்காயைத் தோலைச் சீவாமலோ பாதி சீவியோ துண்டுகளாக நறுக்கி, மஞ்சள்தூளும் ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்து, மூழ்கும் அளவு நீர் விட்டு வேகவிடுங்கள். மென்மையானதும், மாங்காயின் புளிப்பைப் பொறுத்து முக்கால் கிண்ணம் முதல் ஒரு கிண்ணம் வரை பொடித்த வெல்லத்தைக் கரைத்து, மண் போக வடிகட்டிச் சேர்த்து, பாகு சற்றுக் கெட்டியாகும் வரை கொதிக்க விடுங்கள். சிறிது நெய்யில் கடுகும் ஒரு மிளகாய் வற்றலும் தாளித்துக் கொட்டி, கடைசியாக ஒரு தேக்கரண்டி வேப்பம்பூவை நெய்யில் கருகாமல் சிவக்க வறுத்துத் தூவுங்கள். வெல்லத்தின் இனிப்பு, மாங்காயின் புளிப்பு, தோலின் துவர்ப்பு, உப்பின் உவர்ப்பு, மிளகாயின் கார்ப்பு, வேப்பம்பூவின் கசப்பு என்று அறுசுவையும் ஒரு கிண்ணத்தில் சேர்ந்துவிடும்.

வாழ்க்கையில் எல்லாச் சுவையும் கலந்தே வரும் என்பதற்காக இதை உண்கிறோம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அதை மதிக்கிறேன். அத்தோடு, செய்பவர் கண்ணில் படும் இன்னொன்றும் இதில் இருக்கிறது: வேப்பம்பூ ஒரு தேக்கரண்டிதான், வெல்லம் ஒரு கிண்ணம். கசப்பைத் தனியாகத் தின்னச் சொல்லாமல் இனிப்போடு சேர்த்துத் தந்தால் சிறு குழந்தையும் உண்கிறது. மில்க்மனும் அவருடைய தோழர்களும் செய்த இன்னோர் ஆய்வில், விறுவிறுப்பான ஒலிநூல்களை உடற்பயிற்சிக் கூடத்தில் மட்டுமே கேட்கலாம் என்று ஏற்பாடு செய்தபோது, பங்கேற்றவர்கள் முதலில் அங்கே அதிகமாக வந்தார்கள். இடையில் ஒரு விடுமுறை வந்ததும் அந்த விளைவு குறைந்துபோனது என்பதும் அதே ஆய்வில் இருக்கிறது. பிடிக்காத செயலைப் பிடித்த ஒன்றோடு சேர்த்துச் செய்வது தொடக்கத்துக்கு நல்ல துணை. பாட்டுக் கேட்டபடியே பாத்திரம் கழுவலாம். நண்பரோடு பேசியபடியே நடக்கலாம். பிடித்த தொடரை விளக்கேற்றியபின் துணி மடிக்கும்போது மட்டும் பார்ப்பது என்று வைத்துக்கொள்ளலாம்.

அன்று மாலை கோயிலிலோ வீட்டிலோ பஞ்சாங்கம் வாசிப்பார்கள். திதி, வாரம், நட்சத்திரம், யோகம், கரணம் என்ற ஐந்து அங்கம் கொண்டதால் அதற்கு அந்தப் பெயர். பலன்களைப் பற்றி ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு கருத்து இருக்கலாம். வரப்போகும் ஆண்டை ஊரார் கூடி உட்கார்ந்து ஒருமுறை முழுவதுமாக எண்ணிப் பார்க்கிறார்கள் என்பதே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. நீங்கள் அன்று செய்ய வேண்டியது, சுவரில் தொங்கும் தினத்தாள் நாட்காட்டியைக் கிழிக்கும் பொறுப்பை வீட்டாரிடம் கேட்டு வாங்கிக்கொள்வது. அன்றைய செயலைச் செய்து முடித்தபின்தான் அன்றைய தாளைக் கிழிக்க வேண்டும். கிழித்த தாளின் பின்புறத்தில், செய்த நேரத்தை மட்டும் எழுதி ஒரு கவ்வியில் சேர்த்து வாருங்கள். செய்யாத நாளின் தாளை மறுநாள் வெறுமையாகவே கிழித்து அதே கட்டில் சேர்க்க வேண்டும், தூக்கி எறியக் கூடாது. வெற்றுத் தாள்கள் பின்னால் பயன்படும்.

வெயிலும் விடுமுறையும்

முதல் வாரம் எவருக்கும் கடினமாக இருப்பதில்லை. சோதனை வருவது தேர்வு முடிந்து, நேரத்துக்கு எழுப்ப ஆளில்லாமல், உறவினர் ஊருக்குப் பயணம் போகும் மே மாதத்தில்தான். மே 4-ஐ ஒட்டி அக்னி நட்சத்திரமும் தொடங்கி, 28 வரை கத்திரி வெயில் கொளுத்தும். 5 முதல் 17 வயது வரை உள்ளவர்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது உடல் உழைக்க ஆடியோடி இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. இந்த வெயிலில் அந்த ஒரு மணி நேரத்தை விடிந்த உடனோ வெயில் தாழ்ந்த பின்போ வைத்துக்கொள்ள வேண்டும். உச்சிப்பொழுதில் மைதானத்தில் நிற்பது வீரமல்ல. ஊருக்குப் போகும்போது பழக்கத்துக்குரிய பொருளைப் பையில் முதலில் எடுத்து வையுங்கள். அங்கேயும் பல் துலக்குவீர்கள், சாப்பிடுவீர்கள் என்பதால் முடிச்சு கூடவே வரும்.

ஒரு நாள் தவறிவிட்டால் எல்லாம் போயிற்று என்று கைவிடுபவர்கள் நிறையப் பேர். லாலியின் ஆய்வில், ஒருமுறை தவறவிட்டது பழக்கம் படிவதைக் குறிப்பிடத்தக்க அளவு பாதிக்கவில்லை என்று தெரியவந்தது. ஆகவே தவறிய மறுநாள் இரட்டிப்பாகச் செய்து ஈடுகட்ட வேண்டியதில்லை, தன்னைத் தானே திட்டிக்கொள்ளவும் வேண்டியதில்லை. வழக்கமான அளவை வழக்கமான நேரத்தில் செய்தால் போதும். அடுத்தடுத்து மூன்று நாள் தவறினால் மட்டும் அளவைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கோடையில் நண்பர்களோடு சேர்ந்து செய்யத்தக்க பழைய வழக்கம் தண்ணீர்ப் பந்தல். பங்குனி, சித்திரையில் வரும் ராமநவமியை ஒட்டிப் பானகமும் நீர்மோரும் வழங்குவது பல ஊர்களில் உண்டு. திருவிழாவுக்கு வருவோருக்கும் வழிப்போக்கருக்கும் பந்தல் போட்டு மோர் ஊற்றுவதும் உண்டு. பெரிய ஏற்பாடு இல்லாமலேயே தெருமுனையில் நிழலான இடத்தில், அங்கே இருப்பவர்களின் அனுமதியோடு, இரண்டு மண்பானை வைக்கலாம். கொதித்து ஆறிய நீரையோ சுத்திகரித்த நீரையோ மட்டும் நிரப்பி, மூடி போட்டு, நீண்ட பிடியுள்ள அகப்பையால் எடுத்து ஊற்றுங்கள். டம்ளர்களை ஒவ்வொருமுறையும் கழுவுங்கள். மோருக்கு ஒரு பங்கு தயிருக்கு மூன்று நான்கு பங்கு குளிர்ந்த நீர் விட்டுக் கடைந்து, நசுக்கிய இஞ்சி, கறிவேப்பிலை, கொத்தமல்லி, பெருங்காயம், உப்பு சேர்த்தால் போதும். அன்றன்று செய்ததை அன்றன்றே தீர்த்துவிட வேண்டும். யார் எந்த நாளில் பானையைக் கழுவி நிரப்புவது என்று முறை போட்டுக்கொண்டால், ஒருவர் சோம்பும் நாளில் மற்றவர் கதவைத் தட்டுவார். தனியாக நிலைக்காத ஒழுங்கு கூட்டாகச் செய்யும்போது நிலைப்பதை இங்கே கண்கூடாகப் பார்க்கலாம். பந்தல் போட வாய்ப்பில்லாதவர்கள் மாடியில் பறவைகளுக்கு ஓர் அகலச் சட்டியில் நீர் வைக்கலாம். கொசு முட்டையிடாமல் இருக்க அதை நாள்தோறும் தேய்த்துக் கழுவி மாற்ற வேண்டும் என்பதால் அதுவே ஒரு பழக்கமாகிவிடும்.

சித்ரா பௌர்ணமிக் கணக்கு

சித்திரை மாதத்து முழுநிலவு நாள் சித்திரகுப்தனுக்கு உரியது. மனிதர் செய்யும் நன்மை தீமைகளையெல்லாம் எழுதி வைத்து யமனிடம் கணக்குச் சொல்பவர் அவர் என்பது நம்பிக்கை. காஞ்சிபுரத்தில் அவருக்குத் தனிக்கோயில் இருக்கிறது. அன்று பல வீடுகளில் மாக்கோலத்தால் சித்திரகுப்தனின் உருவத்தை வரைந்து, அருகே ஏடும் எழுதுகோலும் வைத்து வழிபடுவார்கள். தென் மாவட்டங்களில் சித்திரபுத்திர நயினார் கதையை இரவில் வாசிப்பார்கள். ஆற்றங்கரைக்கோ மொட்டை மாடிக்கோ சித்திரான்னங்களை எடுத்துச் சென்று நிலவொளியில் உண்பதும் அந்த நாளின் இன்பங்களில் ஒன்று.

அந்த ஏட்டை இந்த ஆண்டு உண்மையிலேயே எழுதிப் பாருங்கள். சித்ரா பௌர்ணமி ஆண்டுதோறும் ஒரே தேதியில் வருவதில்லை. 2025-இல் மே 12-ஆம் நாள் வந்தது, அது சித்திரையின் 29-ஆம் நாள். 2026-இல் மே 1-ஆம் நாளே, அதாவது 18-ஆம் நாளிலேயே வருகிறது. எப்போது வந்தாலும் அதுவரை சேர்ந்த தினத்தாள் கட்டை எடுத்துத் தரையில் பரப்புங்கள். நேரம் எழுதிய தாள் எத்தனை, வெற்றுத் தாள் எத்தனை என்று எண்ணுங்கள். பின்பு வெற்றுத் தாள்களை மட்டும் எடுத்து, ஒவ்வொன்றிலும் அன்று என்ன நடந்தது என்று ஒரு வரி எழுதுங்கள். தாளிலேயே தேதியும் கிழமையும் இருப்பதால் நினைவுக்கு வந்துவிடும். ‘வெள்ளிக்கிழமை, சித்தப்பா வந்திருந்தார், இரவு நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தோம்’ என்று ஒன்று. ‘ஞாயிறு, எழுந்ததே ஒன்பது மணிக்கு’ என்று இன்னொன்று.

எழுதி முடித்தபின் பார்த்தால் பெரும்பாலும் ஒரே காரணம் திரும்பத் திரும்ப வந்திருக்கும். எனக்குத் தெரிந்த ஒரு மாணவியின் ஏழு வெற்றுத் தாளில் ஐந்து, ஞாயிற்றுக்கிழமையும் விருந்தினர் வந்த நாளுமாக இருந்தன. அவளுக்கு மன உறுதி குறைவு என்று எவரும் சொல்ல முடியாது. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் படிப்பது என்ற முடிச்சு, விருந்தினர் வந்தால் அவிழ்ந்துவிடுகிறது, அவ்வளவுதான். மாலையில் விளக்கேற்றியதும் படிப்பது என்று மாற்றியபின் வெற்றுத் தாள்கள் வெகுவாகக் குறைந்தன. சித்திரகுப்தனின் ஏட்டில் பாவம் புண்ணியம் என்று இரு பக்கம் இருக்கலாம். உங்கள் ஏட்டில் இருக்க வேண்டியது ஏற்பாடு எங்கே தவறியது, அதை எப்படித் திருத்துவது என்பது மட்டுமே. இந்தக் கணக்கை நீங்கள் தனியாகப் பாருங்கள், அல்லது உங்களைத் திட்டாத ஒருவரோடு பாருங்கள்.

வீட்டுப் பெரியவர்கள் ஒன்றைத் தயவுசெய்து நினைவில் வைக்க வேண்டும். பிள்ளைகளின் வெற்றுத் தாளை எடுத்துக்கொண்டு விருந்தினர் முன் பேசினால், அடுத்த பௌர்ணமிக்குள் தாள் கட்டே காணாமல் போய்விடும். அண்ணன் ஒழுங்காகச் செய்கிறானே என்று ஒப்பிடுவதும் கைநீட்டத்தைப் பரிசாகவோ தண்டனையாகவோ ஆக்குவதும் அதே விளைவைத் தரும். மாறாக, பெற்றோரும் தமக்கென்று ஒரு செயலைத் தேர்ந்து, தம் தாளையும் அதே கவ்வியில் சேர்த்தால், வீட்டில் எவரும் எவரையும் கண்காணிக்க வேண்டிய தேவையே இருக்காது. இரவில் கைப்பேசியைக் கூடத்தில் வைப்பதெல்லாம் பெரியவர்களும் செய்தால்தான் நடக்கும்.

வைகாசியும் அதன் பின்னும்

வைகாசியில் புதிதாகச் செய்வதற்கு அதிகமில்லை. உற்சாகமும் சலிப்பும் இல்லாத நடுப்பகுதி இது. இரவுக் கனியும் தினத்தாளும் நடந்துகொண்டிருந்தால் போதும். கவனம் தேவைப்படுவது ஜூன் முதல் வாரத்தில் பள்ளி, கல்லூரி திறக்கும்போது. எழும் நேரம், குளிக்கும் நேரம், சாப்பிடும் நேரம் எல்லாம் முன்னால் நகரும். திறப்பதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே நாளொன்றுக்குக் கால் மணி நேரமாகப் படுக்கும் நேரத்தையும் எழும் நேரத்தையும் முன்னால் கொண்டுவந்தால், பள்ளி திறக்கும் நாளில் உடல் திகைக்காது.

பழக்கம் படிந்துவிட்டது என்பதை நாள் கணக்கைவிட நன்றாகக் காட்டும் அடையாளங்கள் இருக்கின்றன. செய்யலாமா வேண்டாமா என்று மனத்துக்குள் நடக்கும் பேரம் நின்றுபோகும். செய்து முடித்தபின்தான் செய்ததே நினைவுக்கு வரும். செய்யாமல் படுத்தால் எதையோ மறந்த உணர்வு தட்டுப்படும். தண்ணீர் குடிப்பது போன்றவை விரைவாகவும், உடற்பயிற்சி போன்றவை மெதுவாகவும் படியும் என்பதால், 66-ஆம் நாளில் இந்த அடையாளங்கள் தெரியாவிட்டாலும் கவலைப்படாமல் ஆனி, ஆடி என்று தொடருங்கள். தெரிந்துவிட்டால் தினத்தாளில் நேரம் எழுதுவதை அந்தப் பழக்கத்துக்கு நிறுத்திவிட்டு, இரண்டாவது ஒன்றைத் தேர்ந்து, முதற்பழக்கம் முடிந்த கையோடு அதைச் செய்யுமாறு முடிச்சுப் போடலாம்.

சேர்ந்த தாள்கட்டை எறிந்துவிட வேண்டாம். நூலால் கட்டி, அலமாரியில் நீங்கள் ஒழித்து வைத்த அந்த இடத்தில் வையுங்கள். அடுத்த பங்குனியின் கடைசி இரவில், பழங்களுக்கும் நாணயங்களுக்கும் பக்கத்தில், கண்ணாடியில் தெரியும்படி அதையும் கனித்தட்டில் வைக்கலாம்.